பெயர் கெட்டாலும் எண் கெடாது

‘லோபாக்’ என்ற எங்கள் ஊர்ப் பெயர் இன்றைய கணினியில் 18 பைட். திரையில் லோ, பா, க் என்று மூன்று எழுத்தாகத் தெரிந்தாலும் உள்ளே ல, ஓகாரக் குறி, ப, கால், க, புள்ளி என ஆறு குறிகள். ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 1975-இல் பெல் ஆய்வகத்திலிருந்து வெளியே வந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸில் ஒரு கோப்பின் பெயருக்கு ஒதுக்கியிருந்த இடம் மொத்தம் 14 பைட். எங்கள் ஊர்ப் பெயர் அதில் அடங்காது.

அந்த 14 பைட்டுக்கு முன்னால் இன்னும் 2 பைட் இருந்தது. கோப்புறை என்று நாம் சொல்வது அந்தக் காலத்தில் 16 பைட் வரிகள் அடுக்கிய ஒரு சாதாரணக் கோப்புதான். ஒவ்வொரு வரியிலும் முதலில் ஓர் எண், பிறகு பெயர். அந்த எண்தான் ஐநோட் எண். கணினியைப் பொறுத்தவரை கோப்பு என்றால் அந்த எண். பெயர் மனிதர்களின் வசதிக்காகப் பக்கத்தில் எழுதி வைத்தது. கணினிப் பராமரிப்பு வேலையில் பல வருடம் இருந்து ஓய்வுபெற்ற எனக்கு, இந்த ஏற்பாட்டின் அருமை முழுதாகப் புரிந்தது தோட்டப்புறத்துத் தமிழ்ப் பதிவுகளைக் கையில் எடுத்த பிறகுதான். அதற்கு வருகிறேன். முதலில் இந்த எண் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

1969-இல் நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில், பெல் ஆய்வகத்தின் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி, ரட் கேனடே ஆகிய மூவரும் கரும்பலகையிலும் கிறுக்கல் தாள்களிலும் ஒரு கோப்பு முறைமையை வரைந்தார்கள். தாம்சன் அதை யாரும் அதிகம் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பிடிபி-7 கணினியில் ஓட்டிக் காட்டினார். வட்டில் ஓர் இடத்தில் வரிசையாக ஐநோட்கள். ஒவ்வொரு ஐநோட்டும் ஒரு கோப்பைப் பற்றிய முழுக் குறிப்பு: என்ன வகை, யாருக்கு என்ன அனுமதி, எவ்வளவு பெரியது, வட்டில் எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது. அந்தப் பட்டியலில் எத்தனையாவது இடமோ அதுவே கோப்பின் எண். அந்த முதல் வடிவத்தில் சாய்கோடு போட்டு எழுதும் முழுப் பாதை கூட இல்லை. பாதைகள் பிறகு வந்தன. எண் மட்டும் முதல் நாளிலிருந்தே இருந்தது.

ஐநோட்டுக்குள் பெயர் கிடையாது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த வடிவமைப்பு தாக்குப்பிடித்ததற்குக் காரணமே இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெயர் வெளியே இருப்பதால் ஒரே கோப்புக்கு இரண்டு மூன்று பெயர் வைக்கலாம். பெயரை மாற்றினால் கோப்பின் ஒரு பைட் கூட அசையாது. கோப்பை அழிப்பது என்று நாம் சொல்வதும் உண்மையில் ஒரு பெயரை அடிப்பதுதான். எத்தனை பெயர் மிச்சம் இருக்கிறது என்று ஐநோட் ஒரு கணக்கு வைத்திருக்கும். அது பூச்சியமாகி, கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரலும் அதை மூடினால்தான் இடம் விடுபடும்.

இதைக் கணினி வகுப்பில் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் எனக்கு அம்மா பால்மரம் சீவிய தோட்டத்துச் செக்ரோல் என்ற பேரேடுதான் நினைவுக்கு வரும். மலேசியாவில் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் நடுவில் இருந்த தோட்டம். லயத்தில் லெட்சுமிகள் பலர், முனியம்மாக்கள் அதைவிடப் பலர். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில், கணக்கெழுதும் கிராணி செக்ரோலை விரித்து நம்பரைத்தான் கூப்பிடுவார். எத்தனை நாள் வேலை, எத்தனை ராத்தல் பால், ஸ்டோரில் எவ்வளவு கடன் என்பதெல்லாம் நம்பரின் மேல்தான் ஏறும். பெயர் கிராணியின் காதுக்கு எட்டியபடி ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். ஒரே ஆள் ஒரு மாதம் லெட்சுமி, அடுத்த மாதம் லெச்சிமி. சம்பளம் மாறிப் போகாது, நம்பர் ஒன்றுதான்.

ஆனால் ஒருமுறை மாறியது. ஊருக்குப் போய்விட்ட ஒரு பெண்ணின் நம்பரை, புதிதாகப் பேர் பதிந்த அம்மாவுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பெண் ஸ்டோரில் வைத்துவிட்டுப் போன அரிசிக் கடன் அம்மாவின் முதல் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. பாட்டி ஆபிஸ் வாசலில் போய் நின்றுவிட்டார். “ஐயா, நம்பர் எம் பொண்ணோடது. கடன் எம் பொண்ணோடது இல்ல.” காசு திரும்ப வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கிராணி ஒவ்வொரு நம்பருக்குப் பக்கத்திலும் ஆள் சேர்ந்த மாதத்தைச் சிவப்பு மையில் எழுதி வைத்தார் என்று அம்மா சொல்வார்.

கணினி உலகமும் இதே சிக்கலில் மாட்டியது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் வலையக் கோப்பு முறைமையை உருவாக்கி, அடுத்த ஆண்டு வெளியிட்டது. ஒரு கணினியின் வட்டை இன்னொரு கணினி கம்பி வழியாகப் பயன்படுத்தும் ஏற்பாடு அது. தொலைவில் இருக்கும் கணினிக்கு ஒவ்வொரு தடவையும் முழுப் பாதையைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. நடுவில் யாராவது பெயரை மாற்றிவிட்டால் வேலை கெடும். அதனால் பெயரை ஒருமுறை தேடியதும், சேவையகம் ஒரு 32 பைட் சீட்டைக் கொடுத்துவிடும். எந்த வட்டு, எந்த ஐநோட் எண் என்பது அதற்குள் இருக்கும். அடுத்த தடவையிலிருந்து சீட்டைக் காட்டினால் போதும். எண்ணைச் சொல்லிக் கோப்பைத் திறக்கும் பழக்கம் பெரிய அளவில் பரவியது இப்படித்தான்.

சிக்கல் எங்கே என்றால், கோப்பை அழித்ததும் அதன் ஐநோட் எண் அடுத்து வரும் கோப்புக்குப் போய்விடும். பழைய சீட்டை வைத்திருப்பவர் அதைக் காட்டினால் யாருடைய கோப்போ திறந்துவிடும். சன் பொறியாளர்கள் எண்ணோடு தலைமுறை எண் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். ஐநோட் கைமாறும்போதெல்லாம் அந்தத் தலைமுறை எண் மாறும். சீட்டில் இருப்பதும் வட்டில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால், சீட்டு காலாவதியாகிவிட்டது என்ற பிழை வரும். வலைய வட்டோடு வேலை செய்தவர் எல்லோரும் அந்தப் பிழைச் செய்தியைப் பார்த்திருப்பார்கள்.

அந்த மாதிரித் தொலைதூரச் சீட்டை விடுங்கள். ஒரே கணினியில் உட்கார்ந்திருப்பவர், “எண் 48213-ஐத் திற” என்று ஏன் நேராகச் சொல்ல முடிவதில்லை? வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. யூனிக்ஸ் அந்த வசதியைச் சாதாரணப் பயனருக்குக் கொடுக்கவே இல்லை. 1979 சனவரியில் வந்த ஏழாம் பதிப்பில் நிர்வாகிகளுக்கென்று சில கருவிகள் இருந்தன. என்செக் எண்ணைக் கொடுத்தால் பெயரைச் சொல்லும். கிளிரி, ஓர் ஐநோட்டை எண் சொல்லித் துடைத்துவிடும். கை தவறினால் போனது போனதுதான். ஆனால் எண்ணைச் சொல்லிக் கோப்பைத் திறந்து படிக்க ஒரு பொதுக் கட்டளை இல்லை.

காரணம் அனுமதி. என் கோப்புறையைப் பிறர் நுழைய முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறேன் என்று வையுங்கள். உள்ளே இருக்கும் கடிதங்களைத் தனித்தனியாகப் பூட்டியிருக்க மாட்டேன்; எல்லோரும் படிக்கலாம் என்ற வழக்கமான அனுமதியோடுதான் அவை இருக்கும். பாதை வழியாக வருபவரைக் கோப்புறையே நிறுத்திவிடும். எண் வழியாக வருபவர் எந்தக் கோப்புறையையும் தாண்டி வருவதில்லை. கடிதத்தின் அனுமதி மட்டும் பார்க்கப்படும், கடிதம் திறந்துவிடும். அதிலும் ஐநோட் எண்கள் ஒன்று, இரண்டு என்று போகும் சின்ன எண்கள். வரிசையாகப் போட்டுப் பார்த்தால் வட்டில் தனியாகப் பூட்டாத அத்தனை கோப்பும் கைக்கு வந்துவிடும். வலையச் சீட்டை ஊகித்துப் போட்டுத் திறப்பவர்களைத் தடுக்க, தலைமுறை எண்களைக் குலுக்கிப் போட்டுக் கொடுக்கும் எஃப்எஸ்ஐரேண்ட் என்ற நிரலையே சன் தன் கணினிகளில் வைத்தது.

யூனிக்ஸின் வழியில் வந்த லினக்ஸில், எண்ணால் திறக்கும் இந்தக் கதவு 2011 மே மாதம் வந்த 2.6.39 கருவகத்தில் அதிகாரபூர்வமாகத் திறந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் அனீஷ் குமார் எழுதிய இரண்டு அழைப்புகள். ஒன்று பெயரைக் கொடுத்தால் சீட்டு தரும். மற்றது சீட்டைக் கொடுத்தால் கோப்பைத் திறக்கும். கோப்புச் சேவையகங்களைப் பயனர் நிரலாக எழுதுவோருக்கு அது தேவைப்பட்டது. சீட்டை யாரும் வாங்கலாம். அதைக் கொண்டு திறக்க, எல்லா அனுமதிகளையும் கடந்து படிக்கும் தனி உரிமை வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். சரியான நிபந்தனை. அதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் 2014 சூனில் தெரிந்தது. டாக்கர் என்ற கொள்கலன் மென்பொருளின் தொடக்கப் பதிப்புகளில் அந்த உரிமை கொள்கலனுக்குள் எடுத்துவிடப்படாமல் இருந்தது. செபாஸ்டியன் கிராமர் ஒரு சின்ன நிரல் எழுதிக் காட்டினார். கொள்கலனுக்குள் பொருத்தியிருந்த ஒரே ஒரு வெளிக் கோப்பைப் பிடித்துக்கொண்டு, அதே வட்டில் எண் 2-ஐத் திற என்று கேட்டது அந்த நிரல். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமையில் 2 என்றால் வேர்க் கோப்புறை. அங்கிருந்து இறங்கி, வெளிக் கணினியின் கடவுச்சொல் கோப்பையே படித்துவிட்டது. அந்த மாதமே வந்த டாக்கர் 1.0-இல் ஓட்டை அடைபட்டிருந்தது.

ஆகவே எண்ணால் திறக்கும் வசதி எல்லோர் கையிலும் இருக்கக்கூடாது என்பதே என் முடிவு. நிர்வாகி கையில் அது கட்டாயம் இருக்க வேண்டும். தமிழில் கோப்புப் பெயர் வைத்தவர்களுக்கு இது மிகவும் தேவை.

நம்மவர்கள் கணினியில் தமிழ் எழுதத் தொடங்கியது யூனிகோடுக்கு முன்பே. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு மென்பொருளைக் கொண்டுவந்துவிட்டார். 1990-களில் ஆளுக்கு ஓர் எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம். இணையத் தமிழர்கள் கூடிப் பேசி டிஸ்கி என்ற குறியேற்றத்தை உண்டாக்கினார்கள். 1999-இல் சென்னை மாநாட்டில் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களை அறிவித்தது. விண்டோஸ் 2000 தமிழுக்கு யூனிகோடு வழி இடம் கொடுத்த பிறகும் பழையவை பல ஆண்டு புழக்கத்தில் இருந்தன. ஒவ்வொரு குறியேற்றத்திலும் ‘தோட்டம்’ என்ற சொல்லின் பைட்டுகள் வேறு வேறு.

லினக்ஸ் இதில் தலையிடாது. சாய்கோடும் பூச்சிய பைட்டும் தவிர எந்த பைட்டையும் பெயராக வாங்கிக்கொள்ளும். அது எந்த மொழி, எந்தக் குறியேற்றம் என்று கேட்காது. நல்ல குணம்தான். ஆனால் இருபது வருடம் கழித்து அந்த வட்டைத் திறப்பவர் காண்பது கேள்விக்குறிகளும், தலையில் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளும். விசைப்பலகையில் அந்தப் பெயரைத் தட்ட வழியே இல்லை. தட்ட முடியாத பெயரைக் கட்டளையில் எழுதிக் கோப்பைத் திறக்கவும் முடியாது, பெயரை மாற்றவும் முடியாது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீட்டுமனைகளாகியும் போனபோது லயத்து மக்கள் சிரம்பானைச் சுற்றி வந்து குடியேறினார்கள். லோபாக்கில் என் தெருவிலேயே பல தோட்டத்துக் குடும்பங்கள். கோயில் கணக்கு, பள்ளிச் சேர்க்கைப் பதிவு, சங்கச் சந்தா நோட்டு, பழைய செக்ரோல் பக்கங்கள் என்று வீட்டில் இருந்ததைச் சிலர் வருடி வைத்தார்கள். அப்படி ஒரு வன்தட்டு என்னிடம் வந்தது. பல கைகள் பல காலத்தில் பெயர் வைத்தவை. பாதிக்கு மேல் வாசிக்க முடியாத பெயர்கள்.

அதில் ஒரு கோப்புறையை மட்டும் இங்கே திறந்து காட்டுகிறேன். ரந்தாவ் பக்கத்துக் கொம்போக் தோட்டத்தின் படங்கள். ‘கொம்போக்’ என்ற பெயரில் இரண்டு கோப்புகள், ஒரே கோப்புறையில், அடுத்தடுத்து. ஒரு கோப்புறையில் ஒரே பெயர் இரண்டு முறை வர முடியாது. யூனிக்ஸ் அதை அனுமதிக்காது. ஆனால் திரையில் ஓர் எழுத்து வித்தியாசம் இல்லை. எல்.எஸ். கட்டளையோடு ‘ஐ’ குறியைச் சேர்த்துப் போட்டேன். இரண்டுக்கும் வெவ்வேறு எண். ஆகவே கோப்புகள் இரண்டு என்பது உறுதி. பிறகு பெயர்களைப் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தேன். ஒன்று 24 பைட், மற்றது 30.

யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஒகரக் குறி என்ற ஒரே குறியைச் சேர்க்கலாம். அல்லது க-வோடு கொம்பு தனியாக, கால் தனியாக இரண்டு குறிகளைச் சேர்க்கலாம். ‘போ’வும் அப்படியே. இரண்டு முறையும் சரி, இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதி சொல்கிறது. லினக்ஸோ பைட்டை மட்டும் பார்ப்பதால் வேறு வேறு என்று வைத்துக்கொள்கிறது. ஆப்பிளின் பழைய எச்.எஃப்.எஸ். பிளஸ் வட்டு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில்தான் எழுதி வைக்கும். அந்தத் தட்டில் ஒரு கோப்பு மேக் கணினி வழியாக வந்திருக்கிறது, மற்றது நேராகத் தட்டப்பட்டிருக்கிறது. திறந்து பார்த்தால் ஒன்று கோயில் திருவிழாப் படம், இன்னொன்று பிரட்டுக் களத்தில் எடுத்தது. ஒன்று மற்றதன் நகல் என்று நினைத்து அழித்திருந்தால், ஒன்று போயிருக்கும்.

கோயில் பெயர்களில் வரும் ‘ஸ்ரீ’யும் இப்படித்தான். 2005-இல் யூனிகோடு 4.1-இல் ஶ என்ற எழுத்து சேர்ந்த பிறகு அதற்கு இரண்டு எழுத்துமுறை வந்துவிட்டது. இவற்றை ஒன்று என்று யூனிகோடு விதியும் சொல்வதில்லை. ‘ஸ்ரீ மகா மாரியம்மன்’ என்று தேடினால் பாதிதான் கிடைக்கும்.

பெயர் கெட்ட கோப்புகளைச் சரிசெய்யும் வழி எளியது. முதலில் எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு ஃபைண்ட் கட்டளையிடம் ‘ஐநம்’ என்ற நிபந்தனையோடு அந்த எண்ணைக் கொடுத்து, கிடைத்ததற்கு இன்ன பெயர் வை என்று சொல்ல வேண்டும். நுணுக்கமாகச் சொன்னால் ஃபைண்ட் எண் வழியாகத் திறப்பதில்லை. கோப்புறையைப் படித்து, அந்த எண் உள்ள வரியின் பைட்டுகளை நமக்காக எடுத்துக் கொடுக்கிறது. நமக்கு அது போதும். கோப்புறையே சிதைந்து பெயரே இல்லாமல் போன நிலையில்தான் உண்மையான எண்வழித் திறப்பு வேண்டியிருக்கும். டீபக்எஃப்எஸ் என்ற கருவியில் எண்ணைக் கோண அடைப்புக்குள் போட்டு, அந்தக் கோப்பை வேறு வட்டுக்கு எடுத்து வைக்கலாம். வட்டைச் சோதித்துச் சீர்செய்யும் எஃப்எஸ்சிகே, பெயர் இழந்த கோப்புகளை ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ கோப்புறையில் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது, அவற்றின் ஐநோட் எண்ணையே பெயராக வைக்கும். அங்கே எண் மட்டும் போட்டுக் கிடப்பவற்றைக் குப்பை என்று நினைக்காதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு முழுக் கோப்பாக இருக்கலாம்.

இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். திரையில் தமிழ் சரியாக விழ இன்று நாம் பயன்படுத்தும் யூடிஎஃப்-8 குறியேற்றத்தை வகுத்தவரும் அதே கென் தாம்சன்தான். 1992 செப்டம்பரில், நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்து மேசையில், ராப் பைக் பக்கத்தில் இருக்க எழுதியது. கோப்புக்கு எண் கொடுத்தவரே, நம் எழுத்துக்கு 3 பைட் கொடுத்தவர்.

தோட்டப்புறத்துப் பதிவுகளைப் பழைய வட்டில் வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். பெயர் புரியவில்லை என்பதற்காக எந்தக் கோப்பையும் அழிக்காதீர்கள். பென்டிரைவுக்கு அப்படியே இழுத்துப் போடவும் வேண்டாம். பென்டிரைவில் வழக்கமாக இருக்கும் ஃபாட் முறைமை கெட்ட பைட் உள்ள பெயரை ஏற்காமல் அந்தக் கோப்பை விட்டுவிடக்கூடும், ஐநோட் எண்ணும் அங்கே கிடையாது. வேறு வட்டுக்கு நகலெடுத்தால் எண்களும் மாறிவிடும் என்பதால், முதலில் எண்களோடு கூடிய பட்டியல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு முழுக் கோப்புறையையும் டார் கோப்பாகக் கட்டுங்கள். அது பெயரின் பைட்டுகளை அப்படியே காப்பாற்றும். அதற்கு மேல் ஒவ்வொன்றாகத் திறந்து, பார்த்து, யூனிகோடில் பெயர் வையுங்கள். உதவி வேண்டுமென்றால் லினக்ஸ் தெரிந்த பிள்ளைகள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், கேளுங்கள்.